தாகம் இல்லாத ஊர்

இவை நானும் என் அக்காவும் ஏழு மாதங்களில் எழுதிக்கொண்ட கடிதங்கள். ஒன்று மட்டும் அத்தான் எழுதியது. நான் எழுதியவற்றை அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். கேட்டு வாங்கித் தேதிப்படி அடுக்கியிருக்கிறேன். என் கடிதங்களில் சில வரிகளை அடித்துவிடலாமா என்று பேனா வரை கை போனது. பிறகு அப்படியே விட்டுவிட்டேன்.

*

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கரையான் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். மூக்கு மட்டும் இந்தக் குளிரில் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்?

வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. ஆய்வு நிலையம் மலைச்சரிவில் இருக்கும் இரண்டு மாடிக் கட்டடம். என் மேஜை ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கிறது. காலை பத்து மணி வரை கண்ணாடிக்கு வெளியே மேகத்தைத் தவிர எதுவும் தெரியாது. உள்ளே எந்தப் பக்கம் திரும்பினாலும் புத்தகம். அப்பா இருந்திருந்தால், "கரையானக் கொண்டுபோய்ப் புத்துக்குள்ளயே விட்டுட்டாங்க" என்று சிரித்திருப்பார்.

எங்கள் பேராசிரியர் ஒரு பெரிய நூல் தயாரிக்கிறார். ஒரு நிலத்தின் வெயிலும் மழையும் காற்றும் மேடுபள்ளமும் அங்கே வாழ்கிறவர்களின் உடம்பையும் குணத்தையும் எப்படி ஆக்குகின்றன என்பதுதான் பொருள். மலைக்காரர்களுக்கு மார்பு அகலம், கடற்கரைக்காரர்களுக்குக் குரல் பெரிது, ஆற்றங்கரைக்காரர்களுக்குக் கை தாராளம் என்று நிலத்துக்கு ஓர் இயல். "மண்ணப் பாரும்மா, மனுஷன் தானா தெரிவான்" என்று தினம் ஒரு தடவையாவது சொல்வார். எனக்குக் கொடுத்திருப்பது வறண்ட சமவெளி. நான் அங்கே கால் வைத்ததுகூட இல்லை! பழைய பயணிகள், வைத்தியர்கள் எழுதி வைத்த குறிப்புகளைப் படித்துக் குவித்திருக்கிறேன். ஆனாலும் ஏட்டுச் சுரைக்காய் எத்தனை நாளைக்குக் கறிக்கு உதவும்?

நீ அங்கே குடிபோய் ஐந்து வருடம் ஆகிறது. அந்த ஊர்க்காரர்களைப் பற்றி எனக்கு எழுது. எப்போது எழுகிறார்கள், எப்போது சோர்கிறார்கள், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள், எதற்குக் கோபப்படுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள். போனில் வேண்டாம். உன் வீடு ஒரே அறை, பேசினால் எல்லாருக்கும் கேட்கும். அதோடு, நீ பேசுவதைவிட எழுதுவது அழகு. ஏப்ரலுக்குள் இயல் அச்சுக்குப் போக வேண்டும்.

அத்தானுக்கு வணக்கம் சொல். ஓட்டுச் சூளைச் சூட்டில் இன்னும் கறுத்திருப்பார்.

உன் அன்புத் தங்கை

*

ஜனவரி 30

அன்புக் கரையானுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மூக்கில் தைலம் தடவிக்கொண்டு படு. புத்தகத்தை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு தூங்காதே.

ஊரைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். ஊர் என்றால் ஓட்டுத் தொழிற்சாலைதான். வீடுகள் அதன் புகைபோக்கியைச் சுற்றி முளைத்தவை. மரம் என்று எண்ணினால் நாலு, நாலும் முள். அத்தான் வேலை செய்யும் கொட்டகையில் அறுபது பேர். மண் பிசைகிறவர்கள், அச்சு அழுத்துகிறவர்கள், சூளைக்குள் அடுக்குகிறவர்கள், வெந்ததும் பிரித்து எடுக்கிறவர்கள். அத்தான் பிரிக்கிறவர். ஓடு முழுக்க ஆறும்வரை காத்திருக்க மாட்டார்கள். சூட்டோடு சூடாக உள்ளே போய்த் தூக்க வேண்டும்.

நான் மதியம் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்ப்பதைச் சொல்கிறேன். காலையில் கிண்டலும் கேலியுமாக இருப்பவர்கள், வெயில் ஏறியதும் பேச்சை மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார்கள். மூன்று மணிக்கு மேல் கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டார்கள். தண்ணீர் குடிப்பதே இல்லை. காலையில் வீட்டில் ஒரு டம்ளர், அதற்குப் பிறகு வீடு திரும்பித்தான். பானை பக்கத்தில்தான் இருக்கும், கை போகாது. வேலை முடிந்ததும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். எழுந்து நடக்க அரை மணி ஆகும். கோபம் லேசில் வராது. வந்தால் தட்டு பறக்கும். அச்சு அழுத்துகிறவரின் மனைவி, அவளும் அங்கேதான் மண் பிசைகிறாள், நேற்று சொன்னாள்: "எங்க வீட்டு ஆளு ஞாயித்துக்கிழம மட்டுந்தான் எனக்குப் புருஷன். மத்த ஆறு நாளும் ஓடு."

நீ வைத்திய நூலெல்லாம் படிக்கிறாயே, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இங்கே சிலருக்குக் காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறது. மோதிரம் கழற்ற வருவதில்லை. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறது, நிரம்ப நேரமாகிறது. சிறுநீர் நுரைத்துப் போகிறதாம். இது எதனால்? கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டும். மறக்காமல் எழுது.

அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா

*

பிப்ரவரி 12

என் அருமை அக்காவுக்கு,

மூக்கு குணமாகிவிட்டது. உங்கள் இருவரின் சுகத்துக்கும் எழுது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பொறுக்க மாட்டாமல் பேராசிரியருக்கும் படித்துக் காட்டினேன். "யாரும்மா இவங்க? இவங்கதான் ஆராய்ச்சியாளர். நீயும் நானும் குமாஸ்தா" என்றார். பேச்சை மடித்து இடுப்பில் செருகிக்கொள்வது! அந்த வரியை நான் எடுத்துக்கொள்ளலாமா? எடுத்துக்கொண்டாயிற்று என்றே வைத்துக்கொள்.

நான் படித்த குறிப்புகளோடு எல்லாம் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது தெரியுமா? மந்தமான பிற்பகல், அடங்கிக் கிடந்து வெடிக்கும் கோபம், பேசாமை. எல்லாவற்றையும்விட அந்தத் தண்ணீர்ச் செய்திதான் என்னை உலுக்கிவிட்டது. கொளுத்துகிற நிலத்தில், பானை பக்கத்தில் இருந்தும் கை போகாத மக்கள். நிலம் அவர்களுக்குத் தாகத்தை மறக்கக் கற்றுக்கொடுத்துவிட்டது. இதை வைத்துத்தான் என் இயலைத் தொடங்கப்போகிறேன்.

வீக்கத்தைப் பற்றிக் கேட்டாயே, அதுவும் இதோடு சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். தண்ணீர் அரிதான இடத்தில், கிடைத்த நீரைப் பிடித்து வைத்துக்கொள்ள உடம்பு பழகிவிடும். ஒட்டகத்தைப் பற்றிக்கூட ஒரு பழைய நூலில் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது. கேட்டவர்களைப் பயப்பட வேண்டாம் என்று சொல். நிலத்துக்கு ஏற்ற உடம்பு, அவ்வளவுதான்.

இன்னும் எழுது அக்கா. எது வேண்டுமானாலும்.

உன் கரையான்

*

மார்ச் 21

அன்புக் கரையானுக்கு,

இங்கே சுகம். உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் கொஞ்சம் வேலை, அதனால்தான் தாமதம். பயப்பட வேண்டாம் என்று நீ எழுதியதைக் கேட்டவரிடம் சொன்னேன். "படிச்ச புள்ள சொல்லிட்டால்ல, அப்புறம் என்ன" என்று அவர் டாக்டரிடம் போகவில்லை.

முன் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. தண்ணீர் ஏன் குடிப்பதில்லை என்று நீ கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் உனக்கும் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.

கொட்டகைக்கு ஒரே கழிப்பறை. அதற்கு ஒரு மரக்கட்டை உண்டு, உள்ளங்கை அகலம். மேஸ்திரி மேஜைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். கட்டை ஆணியில் இருந்தால்தான் போகலாம். போகிறவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அறுபது பேருக்கு ஒரு கட்டை. மதியத்துக்குள் இரண்டாம் தடவை எடுத்தவர் பெயரை மேஸ்திரி பலகையில் எழுதிவிடுவார். பெயர் விழுந்தவருக்கு மறுநாள் முழுக்கச் சூளை வாயில்தான் வேலை. பெண்கள், இத்தனை ஆண்கள் முன்னால் கட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூசிக் காலையிலிருந்து வாயே நனைப்பதில்லை. குடித்தால் போக வேண்டும். போனால் பெயர் விழும். அதனால்தான் பானைப் பக்கம் கை போவதில்லை. தாகம் எல்லாருக்கும் இருக்கிறது.

இப்போது எல்லாருமாகச் சேர்ந்து மனு எழுதியிருக்கிறார்கள். கட்டை வேண்டாம், இன்னும் மூன்று கழிப்பறை வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் குடிக்கப் பத்து நிமிஷம் வேண்டும். அச்சுக்காரர் மனைவிதான் முதல் கையெழுத்து. "ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு மனுவான்னு சிரிக்கிறானுங்க. சிரிக்கட்டும். அடக்கிப் பாத்தாத் தெரியும்" என்றாள்.

உன் இயலில் இதையும் சேர்த்துக்கொள். இன்னும் அச்சாகவில்லைதானே?

அக்கா

*

மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அத்தான் நலமா? வெயில் உச்சத்தில் இருக்குமே, நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் சௌக்கியமா?

பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. தலைக்கு மேல் வேலை, தப்பாக நினைக்காதே.

நூல் வெளிவந்துவிட்டது. என் இயலை ஒரு நாளிதழ் ஞாயிறு மலரில் முழுவதுமாக எடுத்துப் போட்டிருக்கிறது, என் முழுப் பெயரோடு. பேராசிரியர் எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு, "இந்த நூல்ல நிக்கப்போறது இந்தப் பொண்ணு எழுதினதுதான்" என்றார். உனக்கு ஒரு படி அனுப்பத்தான் நினைக்கிறேன். இப்போது கையில் இல்லை. வந்ததும் பார்க்கலாம்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. மாடிப்படியெல்லாம் ஈரம். துணி காய மூன்று நாள் ஆகிறது. அலுவலகத்தில் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது.

நீ எழுதியிருந்தாயே, அந்த மனு நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தங்கை

*

ஜூன் 3

தங்கைக்கு,

படி அனுப்ப வேண்டாம். இங்கே வந்துவிட்டது.

போன வாரம் மனுவைப் பற்றிப் பேச மேனேஜர் எல்லாரையும் கொட்டகை வாசலில் கூடச் சொன்னார். அத்தானோடு நானும் போய் நின்றேன். அவர் கையில் அந்த ஞாயிறு மலர். "நான் ஒண்ணும் சொல்லலப்பா. படிச்சவங்க ஆராய்ச்சி பண்ணிச் சொல்றாங்க, கேட்டுக்குங்க" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "இவர்கள் தாகத்தை மறந்தவர்கள். நீர் அருகிலிருந்தும் நாடாதவர்கள். இந்த நிலம் தனக்கேற்ற உடலை இவர்களுக்கு வார்த்துக் கொடுத்திருக்கிறது." அப்புறம் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஒங்க ஒடம்பே இதுக்குன்னு செஞ்சதாம். தண்ணி குடிக்கப் பத்து நிமிஷம் யாருக்கு வேணும்?" என்றார். சிலர் சிரித்தார்கள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார்கள். அந்தத் தாள் இப்போது அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது.

பேச்சை மடித்து இடுப்பில் செருகுகிற வரியும் அதில் வந்தது. அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும், "அது ஒன் பேச்சுல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இன்னொன்று. ஜனவரியில் நான் வீக்கத்தைப் பற்றிக் கேட்டேனே, அது அத்தானுக்கு. நீ பயந்துவிடுவாய் என்று "சிலர்" என்று எழுதினேன். ஏப்ரல் கடைசியில் கொட்டகையில் மயங்கி விழுந்தார். இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது என்கிறார் டாக்டர். தண்ணீர் இல்லாமல் சூட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இப்படி வருகிறதாம், கொட்டகையிலிருந்து இவர் நாலாவது ஆளாம். "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா கொஞ்சம் புடிச்சு வெச்சிருக்கலாம்" என்றார்.

மனு இப்போது தொழிலாளர் அதிகாரியிடம் போயிருக்கிறது. ஜூலை 18 விசாரணை. உன் புத்தகத்தையும் வைக்கப்போவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். எழுதியது யார் என்று இங்கே எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

நீ எழுதியது சரியில்லை என்று அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதித் தருவாயா? இதை மட்டும் சொல்.

அக்கா

*

ஜூன் 12

அன்பு அக்காவுக்கு,

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அத்தானுக்கு இப்படி ஆகியிருக்கிறது என்று நீ முன்பே சொல்லியிருந்தால்! இங்கே ஒரு நல்ல சிறுநீரக டாக்டர் இருக்கிறார், விசாரித்து வைத்திருக்கிறேன். உப்பைக் குறைக்க வேண்டும். ஓய்வு முக்கியம். இதோடு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்.

என் இயலைப் பற்றி எழுதியிருந்தாய். அதில் வருவது அந்த நிலத்து மக்களைப் பற்றிய பொதுவான பார்வை. எந்த ஒரு தொழிற்சாலையையும் குறித்து எழுதவில்லை. ஒரு வரியைப் பிய்த்து எடுத்துப் படித்தால் எதுவும் தவறாகத்தான் தெரியும். மேனேஜர் இப்படிப் பயன்படுத்துவார் என்று நான் எப்படி எதிர்பார்த்திருக்க முடியும்? பேராசிரியர் வெளியூர் போயிருக்கிறார். அவரைக் கேட்காமல் நானாக எதுவும் எழுதித் தருவது முறையாகாது.

உன் கேள்விக்கு யோசித்துப் பதில் எழுதுகிறேன்.

தங்கை

*

ஜூன் 24

அன்புள்ள கரையானுக்கு,

அத்தான் எழுதுவது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் நோயின் மேல் பழி போட வேண்டாம், முன்பும் இப்படித்தான்.

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து உன் அக்கா பாத்திரங்களோடு மட்டும் பேசுகிறாள். உப்புப் பட்டியலுக்கு நன்றி. உன் அக்கா கையால் உப்பு எப்போதும் குறைவாகத்தான் விழும். அது உனக்கும் தெரியும்.

நான் படிக்காதவன். உன் இயலை வாங்கி மெதுவாக இரண்டு நாள் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்.

எங்கள் கொட்டகையில் அறுபது பேர். இந்த ஊரில் பிறந்தவர்கள் பதினொரு பேர். மற்றவர்களெல்லாம் பிழைக்க வந்தவர்கள். சிலர் மலை, சிலர் கடற்கரை. நான் ஆற்றங்கரை. உனக்குத் தெரியாததா? எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் ஆற்றில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நான் நீந்தியபோது படித்துறையில் உட்கார்ந்து, "அத்தான் மீனாப் பொறக்கவேண்டிய ஆளு" என்று கத்தியவள் நீதான். ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிப்பேன் என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தவளும் நீதான். இங்கே வந்து ஐந்து வருடம். இதற்குள் மண் என்னை வேறு ஆளாக வார்த்துவிட்டதா?

மேனேஜர் அறை கொட்டகையிலிருந்து பதினைந்து அடி. அதே வெயில்தான். உள்ளே நாலு குமாஸ்தாக்கள், நாலு பேரும் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். நாள் முழுவதும் தண்ணீர் குடிக்கிறார்கள், சாயங்காலம் வரை சளசளவென்று பேசுகிறார்கள். அவர்கள் கழிப்பறைக்குக் கட்டை கிடையாது.

உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை அம்மா. எனக்கு வந்தது வந்துவிட்டது. இன்னும் ஐம்பத்தாறு பேர் இருக்கிறார்கள். அச்சுக்காரருக்கு இப்போது முகம் வீங்குகிறது. அவர் மனைவி என்னிடம் வந்து, "அண்ணே, ஒங்களுக்கும் மொதல்ல இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்ல?

வேறு விசேஷம் இல்லை. குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்

*

ஜூலை 5

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

சுகம் விசாரித்துத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் இருவரும் என்னிடம் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்ச் 21 கடிதம் 26-ஆம் தேதி எனக்குக் கிடைத்தது. அன்று என் இயலின் அச்சுப்படி திருத்தத்துக்காக என் மேஜையில் இருந்தது. இரண்டு நாள் இருந்தது. கட்டையைப் பற்றிப் படித்தேன். படித்த அந்த நொடியே புரிந்துவிட்டது, புரியவில்லை என்று சொல்ல வழியே இல்லை. அதைச் சேர்த்தால் இயலின் முதல் பத்தி போய்விடும். முதல் பத்தி போனால் அதை நம்பி நிற்கும் மற்றதெல்லாம் போய்விடும். தாகத்தை மறந்தவர்கள் என்ற அந்த வரி அவ்வளவு அழகாக அமைந்திருந்தது. உன் கடிதத்தை மடித்து ஒரு அகராதிக்குள் வைத்தேன். பிறகு அந்த இரண்டு நாளும் எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். ஒரு அரைப்புள்ளியைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டேன். அறுபது பேரின் தாகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அரைப்புள்ளியோடு மன்றாடிக்கொண்டிருந்தேன்.

ஏழு வாரம் பதில் எழுதாததற்கு வேலை காரணமில்லை.

வீக்கத்துக்கு ஒட்டகத்தைச் சொன்னேனே, அதை எந்த வைத்திய நூலிலும் பார்க்கவில்லை. நானாக நினைத்ததைத் தெரிந்தவள் போல எழுதினேன். நிலைய நூலகத்தில், என் மேஜையிலிருந்து எட்டு அடி தூரத்தில், சிறுநீரக நோய் பற்றிய புத்தகம் இருக்கிறது. போன வாரம்தான் அதைத் திறந்தேன். நீ ஜனவரியில் எழுதிய நாலு அறிகுறியும் ஒரே பக்கத்தில், ஏறக்குறைய அதே வரிசையில் இருக்கின்றன. எழுந்து எட்டு அடி நடந்திருந்தால் அத்தான் பிப்ரவரியிலேயே டாக்டரிடம் போயிருப்பார்.

அத்தான் நீந்தியது எனக்கு மறக்கவில்லை. "அந்த நிலத்து மக்கள்" என்று எழுதும்போது அவர்களில் ஒருவராக அத்தானை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவரை மனிதராக வைத்திருந்தேன். மற்ற ஐம்பத்தொன்பது பேரை ஒரு நிலமாக வைத்திருந்தேன்.

அதிகாரிக்குக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் நேற்று அனுப்பினேன். நகலை இதோடு வைத்திருக்கிறேன். நான் அந்த ஊருக்கு வந்ததில்லை என்றும், அங்கே ஒருவரையும் பார்த்ததில்லை என்றும், என் அக்காவின் சொந்தக் கடிதத்திலிருந்து அவளுக்குத் தெரியாமல் வரிகளை எடுத்தேன் என்றும், அவர்கள் தண்ணீர் குடிக்காததன் காரணம் அச்சாவதற்கு முன்பே எனக்குத் தெரியும் என்றும், தெரிந்தே மறைத்தேன் என்றும் எழுதியிருக்கிறேன். அந்த நாளிதழுக்கும் இதையே அனுப்பியிருக்கிறேன்.

பேராசிரியரிடம் முன்கூட்டியே காட்டினேன். "அது ஒரு கருத்தும்மா. கருத்துக்கு யாராவது மன்னிப்புக் கேப்பாங்களா? இத அனுப்பினா அடுத்த மாசம் இந்த மேஜ ஒனக்கு இருக்காது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். மேஜையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன்.

விசாரணைக்கு நேரில் வருவதாக எழுதி, அந்த வரியை அடித்துவிட்டேன். இங்கே வேலை இருக்கிறது என்று சொல்லலாம், பொய். அத்தனை பேர் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கக் கூசுகிறது. அத்தான் முகத்துக்கு முன்னால் இன்னும் அதிகமாக.

தங்கை

*

ஆகஸ்ட் 2

கரையானுக்கு,

விசாரணை முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

அதிகாரி ஒரு அம்மா. மேனேஜர் புத்தகத்தை அடையாளம் வைத்துத் திறந்து அவர் மேஜையில் வைத்தார். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, உறையிலிருந்து உன் கடிதத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "இது வேற யாரோ எழுதினதா இருக்கும்" என்றார் மேனேஜர். "புத்தகத்துல இருக்கிற பேரும் இதுல இருக்கிற பேரும் ஒண்ணுதானே சார்? எழுதினவங்களே இல்லங்கறாங்க, நீங்க என்ன ஆமாங்கறீங்க?" என்று அந்த அம்மா கேட்டதும் பின்வரிசையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"இதுல அக்கான்னு எழுதியிருக்கே, அது யாரு?" என்று அந்த அம்மா அடுத்துக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டதும் எல்லாரும் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். அச்சுக்காரர் மனைவி என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். "ஒன் தங்கச்சியாடி?" என்றாள். ஆமாம் என்றேன். "ஒனக்கு மொதல்லயே தெரியுமா?" அதற்கும் ஆமாம் என்றேன். எழுந்து போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நான் குனிந்த தலை நிமிரவில்லை. நேரில் வருவதாக எழுதி அடித்துவிட்டாயே, அத்தனை பேர் முகத்துக்கும் முன்னால் உனக்குப் பதிலாக நான் இருந்தேன்.

அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் புருஷனை டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறாள். சீக்கிரமே வந்துவிட்டார், மருந்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றாராம் டாக்டர். இதை வேறொருத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

உத்தரவு வந்துவிட்டது. மூன்று கழிப்பறைக்குக் குழி தோண்டுகிறார்கள். கட்டை போய்விட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மணி அடிக்கிறது. எல்லாரும் எழுந்துபோய்க் குடிக்கிறார்கள். முதல் நாள் பானை பத்து மணிக்கே காலியாகிவிட்டதாம்.

அத்தானுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். விடிகாலை பஸ் பிடித்துப் போய், இருட்டுவதற்குள் வருகிறோம். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டது. உள்ளே போகிற தண்ணீர் வெளியே போக வழியில்லை, நெஞ்சில் கட்டிக்கொள்ளும். அதனால் டாக்டர் அளவு சொல்லியிருக்கிறார். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். ரசமும் மோரும் மாத்திரை விழுங்குகிற தண்ணீரும் அதற்குள்தான்.

பகலில் எப்படியோ பொறுத்துக்கொள்கிறார். மூன்று மணி வெயிலில்தான் ஆரம்பிக்கும். முதலில் வேடிக்கையாகக் கேட்பார். அப்புறம் ஒரு வாய் என்பார். அப்புறம், கொப்பளித்துத் துப்பிவிடுகிறேன் என்று குழந்தை மாதிரிக் கெஞ்சுவார். நேற்று நான் குளித்துவிட்டு வருவதற்குள் வாளியில் கைவிட்டிருந்தார். பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் கதவுக்கு வெளியே போய் அழுதேன். ஐந்து வருடம் அவர் குடிக்கவில்லை, இப்போது குடிக்க விடாமல் நான் காவல் இருக்கிறேன்.

நீ செய்ததை நான் மறக்கவில்லை. மறப்பேனா என்றும் தெரியவில்லை. இது அதைப் பற்றியதில்லை. இங்கே எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? உனக்கு இப்போது வேலையும் இல்லை என்கிறாய். ஒரு மாதம் வந்து இரு. ஆஸ்பத்திரி நாள் போக மற்ற நாளில் நான் மண் பிசையப் போகிறேன், கேட்டு வைத்திருக்கிறேன். பகலில் நீ அவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தண்ணீர்ப் பானையைப் பரண் மேல் வைத்திருக்கிறேன். அவருக்கு எட்டாது, ஏணி போட்டால் உனக்கு எட்டும். அவர் உன்னிடம் கேட்பார். உன்னிடம் இன்னும் அன்பாகக் கேட்பார். நீ இல்லையென்று சொல்ல வேண்டியிருக்கும்.

புறப்பட்டு வா.

அக்கா